ஆணி இல்லாத சோத்துப் பார்சல்

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் வீரசிங்கம் சைக்கிளில் வந்து இறங்கியபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. மழை பொய்த்த வருஷம். தண்ணீர் எங்கேயோ கீழே கிடந்தது. முங்கிப்போன பழைய தெல்தெனிய ஊரின் கற்படி ஒன்று சேற்றுக்கு மேலே தலை காட்டிக்கொண்டிருந்தது. யார் வீட்டு வாசற்படியோ. அதிலேயே உட்கார்ந்து சோத்துப் பார்சலைப் பிரித்தார்.

பொரித்த மீன்மேல் ஆணி ஒன்று கிடந்தது.

வேண்டாம் வேண்டாமென்று காலையில் கண்டி வீட்டில் அவ்வளவு சொல்லியும் வைத்துவிட்டாளே!

"பொரிச்சதை வெறுமனே கொண்டு போகக் கூடாதுங்க. கூட இரும்பு இருக்கணும்," என்றாள் மனைவி ஞானேஸ்வரி.

"சைக்கிள் சங்கிலி இரும்புதானே?"

"சங்கிலி கீழ கிடக்கு. மீன் மேல இருக்கு. வாசம் பிடிச்சுக்கிட்டு எதுவாச்சும் பின்னால வந்தா?"

"ஒத்தை விரலால தூக்குற சைக்கிள் இது. பாரம் ஏத்தாத."

"நெஞ்சுவலி வந்த ஆளு நீங்க. பாதியில வேனைக் கூப்பிட்டீங்கன்னா சைக்கிள் என் தம்பி நிரஞ்சனுக்கு. பேச்சு பேச்சுதான்."

"மிதிச்சே வாசலுக்கு வந்து நிப்பேன். பாரு."

இப்போது அந்த ஆணியை எடுத்துத் தண்ணீர்ப் பக்கமாக வீசினார். பாதி சோற்றைத் தின்றார். மீதியை மடித்து, சீட்டுக்குப் பின்னாலிருந்த பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

ஏற்றத்தில் சைக்கிள் நகர மறுத்தது.

இறங்கி பிரேக்கைப் பார்த்தார். உரசவில்லை. டயரை அமுக்கினார். காற்று இருந்தது. சக்கரம் சும்மா சுற்றியது. ஏறி உட்கார்ந்தால் மட்டும், அரிசி மூட்டை கட்டியதுபோலப் பின்பக்கம் இழுத்தது.

"சனியனே! உனக்கு என்னதான் வேணும்?"

கேட்டிருக்கக் கூடாது.

பின்னால் குளத்தடிச் சேற்றின் வாடை வந்தது. கூடவே எண்ணெய் வாடை. போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? வேன் அனுப்பவா?"

"தேவையில்ல!"

"சரி, கத்தாதீங்க. பக்கத்துல யாருங்க?"

"யாருமில்ல."

"வாயில போட்டு மெல்லுற சத்தம் கேக்குதே."

அவர் வாயில் எதுவும் இல்லை.

போனை வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். மடித்த மடிப்புக் கலையாமல் பார்சல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை. மீன்முள்கூட இல்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடலாமா என்று தோன்றியது. வேனைக் கூப்பிட விரல் போனது. நிரஞ்சனின் இளிப்பு கண்முன்னே வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். திகன தாண்டியது, குண்டசாலை தாண்டியது. மூச்சு வாங்கியது. முதுகில் யாரோ ஈரமாக மூச்சு விட்டார்கள்.

அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் வந்து நின்றார்.

"ஜெயிச்சிட்டீங்க அத்தான்," என்று நிரஞ்சன் சிரித்தபடி வந்தான். "விடுங்க, உள்ள கொக்கியில மாட்டுறேன்." உருட்டிக்கொண்டு போய் ஹோலில் ஒரு கையால் தூக்கினான். அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. "என்ன அத்தான் இது, கல்லா கட்டியிருக்கீங்க?"

ஞானேஸ்வரி சிரிக்கவில்லை.

"ஆணி எங்க?"

வீரசிங்கம் தலை குனிந்தார்.

அவள் போய் இரும்புப் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து சீட்டின்மேல் வைத்தாள். சைக்கிள் பூப்போல நிரஞ்சன் கையோடு மேலே வந்தது.

"அப்பாடா, போயிருச்சு," என்றார் வீரசிங்கம்.

"எங்க போகும்?" அவள் குரல் இறங்கியது. "வாசல் தாண்டி நீங்கதானே மிதிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க."

மூலையிலிருந்த பிரம்புக் கதிரை கிறீச்சிட்டது. யாரோ களைத்துப்போய் உட்கார்ந்தமாதிரி அதன் நடுப்பகுதி மெல்ல அழுந்தியது. கீழே சேற்றுத் தண்ணீர் சொட்டியது.



அடுக்களையில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் பொரிந்துகொண்டிருந்தது.

அழுந்தியிருந்த கதிரையின் பிரம்பு மெல்ல மேலே எழும்பியது.