ஹானுலின் அம்மா வீட்டில்தான் இருக்கிறார்

கதவு அவளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.

மற்ற நாட்களில் ஆறாம் மாடி நடையில் அவள் காலடி கேட்டதுமே பூட்டு ஒரு சின்ன ராகம் பாடித் திறந்துகொள்ளும். இன்று, இருட்டத் தொடங்கிய அந்தக் கார்த்திகைக் குளிரில், கடற்காற்று கழுத்துச் சால்வைக்குள் புகுந்து குடைய, காலையிலிருந்து மாமியார் வீட்டில் கோஸ் இலைகளுக்கு இடையே மிளகாய் விழுது தடவித் தடவிச் சிவந்துபோன கைகளில் கிம்ச்சி டப்பாவோடு, சுல்கி கேமராவுக்கு நேராக முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். டப்பாவை இறக்கி வைத்துவிட்டுக் கட்டைவிரலை ஒற்றினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

சளியில் முகம் வீங்கியிருக்கிறது, உப்புத் தண்ணீரில் விரல் ஊறிப்போயிருக்கிறது, கதவு என்ன செய்யும் பாவம் என்று நினைத்துக்கொண்டாள். மாமியார் வீட்டில் ஒரு நாள் வேலை செய்தால் சொந்த வீட்டுக் கதவுக்கே ஆளைத் தெரியாமல் போகிறது என்று சிரிப்புக்கூட வந்தது. உள்ளே சோயா விழுதுக் குழம்பு கொதிக்கும் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக நடைக்கு வந்தது. யாரோ மெல்லிய குரலில் தாலாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய குரல்தான். அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, பார்சல் கிடங்கில் மாலை வேலைக்குச் சேர்ந்தபோது, அவள்தான் தன் குரலைப் பதிந்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கருவிக்குக் கொடுத்தாள். இஞ்சியோன் நகரில் அந்தக் கட்டடத்தில் பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் அப்படித்தான். குழந்தையைத் தூங்க வைக்க மட்டும் என்று ஆரம்பித்தது. பிறகு பள்ளியிலிருந்து வரும் அழைப்பு, பிறகு மாமியார், பிறகு வெளியூர்க் கப்பல் பட்டறையில் தங்கி வேலை பார்க்கும் கணவன் தேஷிக் என்று எல்லாரிடமும் அதுவே அவளாகப் பேசியது. களைத்து வந்து விழுகிறவளுக்கு எவ்வளவு பெரிய உபகாரம்! ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை அந்த ஊரில் அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? போதாக்குறைக்கு, பிள்ளை தனியாக இருப்பது திருடர்களுக்குத் தெரியக் கூடாது, யார் வந்தாலும் ஹானுலின் அம்மா வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்று அவளே அதற்குச் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் மணியை அழுத்தினாள். தாலாட்டு நின்றது.

"யாருங்க?"

"நான்தான். கதவைத் திற."

"நான்தான்னா யாரு?"

"ஹானுல் அம்மா."

குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹானுல் அம்மா நான்தானே," என்றது கதவு. கோபமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய, சளி பிடிக்காத, களைக்காத, அழகான குரல். "புள்ள பயப்படுறான். தயவுசெஞ்சு போயிடுங்க."

சுல்கி கதவைத் தட்டினாள், பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். நடையில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண்குரல் ஏதோ ஒரு குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் திறந்து கட்டடக் காவலர் ஜின் வந்தார். இலையுதிர்காலத்தில் வேலைக்குச் சேர்ந்த வயதான மனிதர். நிலத்தடி வாசல் வழியாகவே போய்வரும் அவளை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

"என்னம்மா இது? வீட்டுக்காரங்க இப்பதான் போன் பண்ணாங்க."

"நான்தான் ஐயா வீட்டுக்காரி! ஹானுல் அம்மா!"

"ஹானுல் அம்மாவ எனக்குத் தெரியாதா? தெனம் சாயங்காலம் போன்ல 'சாப்பிட்டீங்களா ஐயா'ன்னு கேக்குற ஒரே வீடு இதுதான்." அவர் குரலில் ஒரு வாஞ்சை இருந்தது. "உங்க பேரு என்ன?"

"சுல்கி. மா சுல்கி."

கையிலிருந்த மின்பலகையைத் தடவி, குடியிருப்போர் பட்டியலை அவர் பார்த்தார். "ஹானுல் அப்பா, ஹானுல் அம்மா, ஹானுல். சுல்கின்னு யாருமே இல்லையேம்மா."

அவளே பதிந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளியிலும் கடையிலும் கணவன் வாயிலும் அவள் ஹானுல் அம்மாதான். போனை எடுத்துக் காட்டினாள். போனில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்று அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். தேஷிக்கைக் கூப்பிட்டாள். காவலருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"ஏங்க, நான்தான். கதவு திறக்க மாட்டேங்குது..."

"அட, பேஷ்!" என்றான் தேஷிக். "என் பொண்டாட்டி இன்னொரு லைன்ல இருக்கா. நம்பரையும் குரலையும் திருடுறதுதான் திருடுறீங்க, சளி பிடிக்காத குரலாப் பாத்துத் திருடக் கூடாதா?"

"விளையாடாதீங்க, நான்தாங்க!"

"அப்படியா? சரி, சொல்லு. நேத்து ராத்திரி எதை நெனச்சு எங்கிட்ட அழுதே?"

நேற்று அந்நேரம் அவள் கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவனோடு அவள் பேசியே எத்தனையோ வாரம் ஆகிறது. அவனிடம் எது அழுதது? எதை நினைத்து அழுதது?

"நேத்து... நாம பேசவே இல்லையே."

"அதான பாத்தேன்," என்று அவன் போனை வைத்தான்.

காவலர் அவளைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. "கீழ வாங்கம்மா. சூடா பார்லித் தண்ணி தரேன். போலீஸ் வர்ற வரைக்கும் உக்காருங்க," என்று சொல்லி லிஃப்டின் பொத்தானை அழுத்தத் திரும்பினார்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். நடையைப் பார்த்த அறையின் ஜன்னல் அது. கம்பி போட்ட, பால்நிறக் கண்ணாடி. ஒரு கை அகலம் திறந்திருந்தது.

ஹானுல் அங்கேதான் நின்றிருந்தான். கட்டில் மேல் ஏறி, அவளையே பார்த்தபடி.

"அம்மா," என்றான்.

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு உயிர் திரும்பியது. கம்பிக்குள் கையை விட்டு அவன் கன்னத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"செல்லம், போய்க் கதவைத் திறடா. உள்ளேருந்து கைப்பிடிய அமுக்கினாப் போதும்."

அவன் அசையவில்லை.

"உன் கையில பூண்டு வாசனை வருது."

"ஆமாடா, கிம்ச்சி போட்டேன். உனக்குத்தான். போ, திற."

"நீதான் நெஜ அம்மான்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமில்ல? அப்ப திறடா கண்ணு."

அவன் யோசித்தான். ஆறு வயதுப் பிள்ளை கணக்குப் போடும்போது நெற்றியில் விழும் அந்தச் சுருக்கம் விழுந்தது.

"நீ வந்தா அது பேசாது."

"பேச வேணாம். நான் பேசுறேன்."

"நீ திரும்பப் போயிடுவே. அது போகாது."

"இல்லடா. அம்மா இனிமே எங்கேயும் போக மாட்டேன்."

"நேத்தும் சொன்னே," என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அழுகையும் இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கன்னத்திலிருந்து எடுத்து, கம்பிக்கு வெளியே, குளிருக்குள், மெல்லத் தள்ளினான்.

கண்ணாடி நகர்ந்தது. கொக்கி விழுந்தது.

"ஹானுல்!"

குரல் எழும்பவில்லை. பின்னால் காவலரின் காலடி. அருகில். இன்னும் அருகில்.

கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு. பிள்ளையின் நிழல் திரும்பியது. இரண்டு கையையும் மேலே தூக்கியது, தூக்கிக்கொள்ளச் சொல்வது போல.

யாரிடம்?

உள்ளே இருப்பது ஒரு குரல். குரலுக்கு ஏது கை?

மேலிருந்து இன்னொரு நிழல் குனிந்தது. அவள் உயரம். அவள் கொண்டை. இரண்டு கைகள்.

சின்னத் தலை மெல்ல மேலே எழும்பியது. அந்தத் தோளில் சாய்ந்தது.