மூன்றாவது துளை

சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு முந்தின புதன்கிழமை, பகல் சாப்பாட்டு நேரத்தில், காஜா பெராங் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு கடையை வாடகைக்கு எடுத்து நல்லையா திறந்தான். லாரி, டாக்சி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது அவன் தொழில். சனிக்கிழமை திடலில் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி வேனின் பேட்டரிகள் அவனிடம் வந்திருந்தன.

சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஊறியிருந்தது. ஆசிட் வாடை. அதற்கடியில், முடி கருகிய வாடை.

சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். கீழே இரண்டு வட்டத் துளைகள், மேலே பெரிதாக ஒன்று. நல்லையாவின் சார்ஜர் பெட்டிக்கோ இரண்டு மெல்லிய கால்கள்தான்.

"பொருந்தாது தம்பி," என்றார் கடைக்குச் சொந்தக்காரர் ஷரீஃபுதீன். அவர் வாசலைத் தாண்டவில்லை. "பெரிய பிளக் வாங்கிப் போடு."

"டவுன்ல தீந்துபோச்சாம் பாய். அடுத்த வாரந்தானாம். தீக்குச்சி இருக்கு, போதும்."

பிளக்கை வெட்டிவிட்டு, கம்பி நுனிகளைச் சீவி, துளைகளில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவது. ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

"பொன்னுதுரையும் இதையேதான் சொன்னான்."

"அது யாரு?"

"உனக்கு முன்னாடி இங்க தொழில் பண்ணவன். ஈரத் தரை. பிடிச்ச கம்பி கையை விடல. பொண்டாட்டியக் கூப்பிட்டிருக்கான். அவ வாசல்லயே நின்னுட்டா. உள்ள வந்திருந்தா அவளும் போயிருப்பா."

"என்னை விரட்டிட்டு வேற ஆள வைக்கப் பாக்குறீங்களா?"

ஷரீஃபுதீன் சிரிக்கவில்லை. "வர்றதுக்கு எவன் இருக்கான்?"

நல்லையா குச்சிகளை இறுக்கினான். பெட்டி உறுமத் தொடங்கியது.

சற்று நேரத்தில் அவன் மனைவி கோகிலா சோற்றுத் தூக்கோடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"ஈரமா கிடக்கு. செருப்போட வா."

"சாமி படம் மாட்டின இடத்துலயா? நல்லா இருக்கு உங்க பேச்சு."

வெறுங்காலோடு உள்ளே வந்து பரிமாறினாள். அவள் பாதங்களைப் பார்த்துக்கொண்டே அவன் சாப்பிட்டான்.

மாலையில் கம்பிகளை உருவிச் சுருட்டி வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினான்.

மறுநாள் காலை பூட்டு பூட்டியபடியே இருந்தது.

உள்ளே பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

கம்பிகள் துளைகளில் இருந்தன. குச்சிகள் இறுக்கமாக இருந்தன. மேல் துளையிலும் ஒரு குச்சி நின்றது. கரிக்கட்டையாக.

சுவிட்சை அணைத்து அதைப் பிடுங்கினான். சுட்டது. துளைக்குள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று அவன் விரல்மேல் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

யாரோ மூச்சு விடுவதுபோல.

அன்று கோகிலாவை வாசலிலேயே மறித்தான். "இனிமே இங்க வராத. நான் கூப்பிட்டாத் தவிர."

"அப்ப சோத்துக்கு? ஷரீஃபுதீன் பாய் ஊட்டிவிடுவாரா?"

"வராதன்னா வராத, கோகிலா."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தூக்கைக் கொடுத்தாள். "சரிங்க. கூப்பிட்டாத்தான் வருவேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானமே வானம் இருண்டு மழை கொட்டியது. மழைத்தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. வேன்காரர்கள் வந்து பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பாயிண்டையே பெயர்த்து எறிந்துவிடுவது என்று நல்லையா முடிவு செய்தான்.

மெயின் சுவிட்சை இறக்கினான். விளக்கு அணைந்தது. கம்பிகளை உருவினான். இடுக்கியால் அவற்றைத் துண்டாக வெட்டினான்.

பெட்டி உறுமியது.

வாடை எழுந்தது. முடி அல்ல. தோல்.

மேல் துளையிலிருந்து ஒரு கம்பி வெளியே நீண்டிருந்தது. துணி சுற்றிய பழைய கம்பி. அவன் அதைச் செருகவில்லை. அவனிடம் அப்படி ஒரு கம்பியே இல்லை.

அது சுவரில் இறங்கி, ஈரத் தரையில் ஊர்ந்து, அவன் கால்களுக்கிடையே புகுந்து, பின்னால் போயிற்று.

திரும்பினான். வாசலில் கோகிலாவின் செருப்பு இருந்தது.

அவள் உள்ளே தண்ணீரில் நின்றாள். கம்பியின் மறுமுனை அவள் கையில் இருந்தது.

"வா வான்னு கூப்பிட்டீங்க. இதைப் பிடின்னு கையில கொடுத்தீங்க. அதுக்குள்ள எப்படிங்க அங்க போனீங்க?"