இரண்டாவது புள்ளடி

"அக்கா, ரெண்டாம் நம்பர மறந்திடாதீங்க! ஆறாம் நம்பருக்கு மட்டும் போட்டுராதீங்க. அந்த மனிசன் வயல் வட்டையை விட்டு வெளியில வராது. பாராளுமன்றத்துக்குப் போய் வரம்பா கட்டப் போறார்?"

பாதையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். குருக்கள்மடத்துத் துறையிலிருந்து ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். கம்சாயினி சிரிக்கவில்லை. குடையைச் சற்று உயர்த்திப் பார்த்தாள். நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, துண்டுப்பிரசுரத்தை நீட்டியபடி நின்றான் ஒருவன். அந்தக் கண்கள்... சே, பேசுவதெல்லாம் வம்பு, கண்ணில் மட்டும் ஏன் இத்தனை சிரிப்பு?

"அந்த வரம்பு கட்டுற மனிசன்ட மகள்தான் நான்."

நீட்டிய கை அப்படியே நின்றது. "ஐயோ... தெரியாமச் சொல்லிட்டன்."

"இன்னொண்டு. நான் உங்களுக்கு அக்காவும் இல்ல!"

பாதை கரை சேரும் வரை அவன் கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள்தான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். கோபத்தில்தான் பார்த்தாளாம்!

இரண்டும் ஆறும் ஒரே கட்சி. அதுதான் இந்தத் தேர்தலின் கூத்து. வாக்குச்சீட்டில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடிக் குறி, பிறகு அதே கட்சிக்காரரில் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்கு. கட்சிக்கு ஒரு ஆசனம் கிடைத்தாலே பெரிய காரியம் என்பதால் எதிர்க்கட்சியை விட்டுவிட்டு இவர்கள் தங்களுக்குள்தான் அடிபட்டார்கள். ஆறாம் இலக்கம், கம்சாயினியின் அப்பா அழகரத்தினம், பழுகாமத்தில் வயல் செய்யும் கமக்காரர். இரண்டாம் இலக்கம், கல்லடியில் கடை வைத்திருக்கும் விஜிதரன். அவருடைய அக்கா மகன்தான் பாதையில் அகப்பட்ட துசாந்தன். இரண்டு வீட்டிலும் ஒரே கட்டளை: நம்மட நம்பருக்கு மட்டும் போடுங்க, மற்ற ரெண்டையும் வெறுமையா விடுங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை களுதாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றாள் கம்சாயினி. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. அதே குரல்...

"உங்கள் விருப்பு வாக்கு இரண்டாம் இலக்கத்துக்கு..." அவளைக் கண்டதும் குரல் தடுமாறியது. பிறகு மெல்லச் சொன்னது. "உங்களுக்கு மூணு விருப்பு வாக்கு இருக்கு. ஆறாம் இலக்கம் அழகரத்தினம் ஐயாவும் நல்ல மனிசன். அவரப் பத்திப் பிழையாக் கதைச்சிட்டன். ஒண்ட அவருக்கும் போடுங்க."

ஊரே ஆட்டோவைப் பார்த்தது. கம்சாயினிக்கு முகம் முழுக்கச் சூடேறியது. அன்று பின்னேரமே துசாந்தனின் மாமா விஜிதரன் மைக்கைப் பறித்துவிட்டாராம். கதை பழுகாமம் வரை வந்தது.

"அந்தப் பொடியனுக்கு விசரா?" என்றார் அப்பா. அவருக்கே சிரிப்பு வந்தது.

தேர்தலன்று கட்சிக்குப் புள்ளடி போட்டாள். ஆறுக்குப் போட்டாள். அத்தோடு வாக்குச்சீட்டை மடித்திருக்கலாம். பேனையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஒலிபெருக்கியில் தடுமாறிய அந்தக் குரல் காதுக்குள்ளேயே நின்றது. யாருக்குத் தெரியப்போகிறது... இரண்டுக்கும் ஒரு புள்ளடி.

மறுநாள் மத்தியானம் விருப்பு வாக்கு முடிவு வந்தது. கட்சிக்கு ஒரே ஆசனம். அது விஜிதரனுக்கு. அப்பா தோற்றது ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய அளவு வாக்குகளால்தான்.

"சரி விடு மகள். நாளைக்கு வயலுக்குத் தண்ணி வெட்டி விடோணும்" என்று ரேடியோவை நிறுத்தினார் அப்பா. அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். கிணற்றடிக்குப் போய் அழுதாள்.

பின்னேரம் வெற்றி ஊர்வலம் பழுகாமத்துக்குள் வந்தது. வெடிச்சத்தம் தெருமுனை வரை வந்து, சட்டென்று நின்றது. சிறிது நேரத்தில் மழைக்குள் துசாந்தன் தனியாக நடந்து வந்து அவர்கள் வீட்டு வேலிக் கடப்படியில் நின்றான்.

"வெடி ஏன் நிண்டது?" குடையோடு வெளியே வந்த கம்சாயினி கேட்டாள்.

"நான்தான் நிப்பாட்டினன். ஐயா வீட்டுக்கு முன்னால எப்பிடிப் போடுற..."

அவ்வளவுதான், அடக்கிவைத்ததெல்லாம் உடைந்தது. "நல்லவன் மாதிரி நிக்காதீங்க! உங்களாலதான்... நான் உங்கட மாமாக்கும் போட்டுட்டன். பெத்த அப்பாவ நானே விட்டுக் குடுத்துட்டன்!"

துசாந்தன் நெற்றியில் வழிந்த மழைநீரைத் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நானும்தான்."

"என்ன?"

"ஆறுக்கும் போட்டன். வீட்டில தெரிஞ்சா இண்டைக்குச் சோறில்ல."

கண்ணீரோடேயே அவள் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். "அப்ப..."

"உங்கட வாக்கும் என்ட வாக்கும் கழிஞ்சி போச்சு. ஐயா உங்களால தோக்கல்ல."

"ஆருக்குத் தெரியும், நீங்க போட்டது?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க நம்பினாத்தான் உண்டு."

அந்தக் கண்களில் இன்று சிரிப்பில்லை. பயம்தான் இருந்தது, அவள் நம்பாமல் போய்விடுவாளோ என்று. கம்சாயினி நம்பினாள்.

"நீங்க ஏன் மாமாக்குப் போட்டீங்க?" என்று கேட்டான்.

"மாமாக்காக இல்ல..." நிலத்தைப் பார்த்தாள். "உங்களப் பிடிச்சிருந்திச்சு. அதான்."

"எனக்குப் பாதையிலயே பிடிச்சிட்டு," என்றான் அவன். "ஏச்சு வாங்கின உடனே!"

"ஆரு புள்ள அது?" உள்ளே இருந்து அப்பாவின் குரல்.

"ரெண்டாம் நம்பர்ட மருமகன், அப்பா."

உள்ளே கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"அந்த மைக்குப் பொடியனா? மழைக்குள்ள நிக்கவிடாம உள்ள கூட்டிட்டு வா."

அவன் தயங்கினான். கம்சாயினி குடையை அவன் தலைக்கு மேலே பிடித்தாள்.

"வாங்க. அப்பாட்ட ரெண்டு பேருமாச் சொல்லுவம்."

"எத? வாக்கையா?"

"எல்லாத்தையும்தான்."