தனியா எடு

காலை எட்டரை மணி. சாமான் வந்து இறங்கிய புது வீட்டில் அத்தான் போட்ட கூச்சல் மாடிப்படி வரை கேட்டது.

"பாவி, பிரிச்சுப் போட்டுட்டியேடா!"

அடுப்படியில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த மச்சினி ஓடி வந்தாள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை. எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் குடும்பத்தில் அவளுக்கு 'நோண்டி' என்றே பேர்.

பலகை இருந்தது, மேலே படத்தைக் காணோம். அவள் அக்கா சாகும்முன் படுக்கையில் சாய்ந்தபடியே ஆயிரம் அட்டைத் துண்டுகளைக் கோத்து முடித்த கலங்கரை விளக்க ஜிக்சா படம் அது. கடைசித் துண்டை வைத்துவிட்டு "அப்பாடா" என்றாளாம். இப்போது அத்தனையும் உதிரியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது.

"இவன்தான்!" அத்தான் மகனைக் காட்டினார். "நேத்தே 'இதையெல்லாம் எதுக்குப்பா சுமக்கணும்'னு கேட்டான். போடா, என் மூஞ்சியில முழிக்காதே!"

மகன் மறுக்கவில்லை. சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனான். நோண்டிக்கு அது உறுத்தியது. வாய்க்கு வாய் பேசுகிற பையன் இன்றைக்கு ஏன் ஊமையாகிறான்?

சுற்றிலும் பார்த்தாள். கட்டில், கால் வேறு சட்டம் வேறாக வந்திருந்தது. சாமான் ஏற்றியவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று மகன் அதில் இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தான்: 'டேக் அபார்ட்'. அதன் திருகாணிகள் இருந்த பையின் வாயில் நீல டேப். படத்துண்டுப் பையிலும் அதே நீல டேப், அதே மடிப்பு.

"அத்தான், எல்லாத்துலயும் சீட்டு இருக்கு. இந்தப் பலகையில பசை மட்டும்தான் இருக்கு. சீட்டு எங்கே?"

"ஒட்டினேனே! நானே என் கையால எழுதினேன்."

"என்னன்னு?"

"தனியா எடுத்துட்டு வாங்கன்னுதான், இங்கிலீஷ்ல. டேக்னா எடு, அபார்ட்னா தனியா. மத்த சாமானோட சேத்துப் போட்டுடக் கூடாதில்ல?"

நோண்டிக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் கீழே ஒரு பிள்ளை செய்யாத தப்புக்கு உட்கார்ந்திருக்கிறானே.

"கோபத்துல பிரிக்கிறவன் பையில போட்டு டேப் ஒட்டுவானா? பிரிச்சது சாமான் ஏத்தினவங்க. பிரிக்கச் சொன்னது நீங்கதான், அத்தான். அந்த ரெண்டு வார்த்தையும் சேர்ந்தா அர்த்தமே வேற, 'பிரிச்சுடு'ன்னு. கட்டிலைப் பாருங்க."

பார்த்தார். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அவ கை பட்டதும்மா அது. நான் திருப்பிக் கோத்தாலும் அது என் கைதானே?"

அவள் கீழே படிப்பக்கம் கை காட்டினாள்.

அத்தான் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார். மகன் கடைசிப் படியில் இருந்தான். சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டின் முனை எட்டிப் பார்த்தது.

"பாத்ததுமே எடுத்து ஒளிச்சுட்டியா? ஏன்டா வாயைத் திறக்கல?"

"என்னைத் திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவீங்கப்பா," என்றான் அவன். "உங்களை நீங்களே திட்டிக்க ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விடமாட்டீங்களே."

அத்தான் அவன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.