காற்றுக்கு எதிரே போன பானை

காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. கண்மாயில் மிதந்த பானைகளில் அந்த ஒன்று மட்டும் மேற்கே போயிற்று.

பிலோமினா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மார்கழிச் சாயங்காலம், மலையிலிருந்து இறங்கிய பனி கோரைப்புல் நுனியில் படிய, சேற்று வாசமும் ஆம்பல் வாசமும் கலந்து மூக்கில் ஏற, கண்மாய் நிறையக் கிளுவை வாத்துகள் கிசுகிசுத்தபடி பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன. ஊரே பேரியாத்து அணை வேலையைப் பேசித் திரிய, இவளுக்கு மட்டும் இந்த வாத்துப் பைத்தியம். பொழுது சாய்ந்தால் கரைக்கு ஓடிவந்துவிடுவாள். அவளைக் கண்டு ஒரு பறவையும் மிரளாது.

பானைகளை மிதக்கவிட்டவன் அவள் புருஷன் சூசைமுத்து. பறவைகள் பானைக்குப் பழகியதும், ஓட்டை போட்ட இன்னொரு பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் மெல்ல நடந்து, பறவையின் காலைப் பிடித்து உள்ளே இழுப்பது அந்தப் பக்கத்து வேட்டை. பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது.

"மாதா மேல சத்தியமா கிளுவையத் தொடமாட்டேன் புள்ள. மீன் வலைக்கு அடையாளம், அம்புட்டுத்தேன்" என்றிருந்தான். நம்பினாள், பாவி மகள்.

பானை ஒரு கிளுவையின் அருகே நின்றது. கிளுவையைக் காணோம்.

இன்னொன்று. அதையும் காணோம்.

அடப்பாவி மனுசா! மாதா பேரைச் சொல்லியா ஏமாற்றினாய்! சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். இடுப்பு. மார்பு. அந்தக் கோபத்திலும் பறவைகள் மிரளுமே என்று குரலைத் தாழ்த்தினாள்.

"வெளிய வாங்க! வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

பானையைத் தூக்கினாள். அடியில் தலை இல்லை. கறுத்த தண்ணீர்தான்.

"பிலோமினா."

குரல் கரையிலிருந்து வந்தது. சூசைமுத்து நின்றான். வேட்டியில் ஈரமில்லை. கணுக்காலில் மட்டும் விரல் விரலாகக் கன்றிப்போன தடம்.

"நேத்து தண்ணிக்குள்ள கெடக்குறது என்னையப் புடிச்சிருச்சு. ஒன்னயத் தர்றேன்னு சொன்ன பெறகுதேன் விட்டுச்சு." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "பானை நகண்டா நீ எறங்குவேன்னு தெரியும்."

"ஏங்க... கையக் குடுங்க."

அவன் பின்னால் நகர்ந்தான்.

தண்ணீருக்குள் ஏதோ அவள் காலைப் பற்றியது. குளிர்ந்த விரல்கள். அவசரமே இல்லை.

கத்தினால் கிளுவைகள் எழும்பும். ஊர் திரும்பிப் பார்க்கும். வாயைத் திறந்தாள். தண்ணீர் புகுந்தது.

ஒரு கிளுவை பாசியைக் கொத்திக்கொண்டே இருந்தது. அவள் உதட்டருகே. கண்ணருகே. பிறகு தலைக்கு மேலே அதன் சின்னக் கால்கள் நிதானமாகத் துழாவிக்கொண்டிருப்பதை அவள் கீழிருந்து பார்த்தாள்.