கழித்துவிட்ட இருட்டு

வளையத்தின் நடுவில் இருக்கக் கூடாத ஒரு புள்ளி இருந்தது.

மூன்று நாளாக ரஃபத் ஜஹான் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேலூரில் ஒரு கல்லூரியின் சன்னலில்லாத லேசர் அறை. நாலு பக்கமும் கறுப்புத் திரை, ஏசியின் ஓயாத இரைச்சல், ஆம்பூரிலிருந்து சோதனைக்கு வந்த தோல் துண்டுகளின் நெடி. அவளுடைய கண்ணாடித் தகட்டைத் தாண்டியதும் லேசர் ஒளியின் அதிர்வு நடுப்புள்ளியைச் சுற்றி வட்டமடிக்கும். அசிமுத்தல் போலரைசேஷன் என்பார்கள். நடுவில் எந்தப் பக்கம் அதிர்வது என்று ஒளிக்கே தெரியாது. அதனால் அங்கே ஒளி இருக்காது. கேமராவில் பார்த்தால் உளுந்து வடைதான்: சுற்றிலும் ஒளி வளையம், நடுவில் இருட்டு ஓட்டை. அந்த ஓட்டையில்தான் இப்போது வெளிச்சமாக ஒரு புள்ளி. ஓட்டை சுத்தமாக இருந்தால்தான் தோலின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று இந்த ஒளியை நம்பிச் சொல்ல முடியும். இன்று ஐந்து மணிக்குள் அந்த அளவீடு போகாவிட்டால் அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சிப் பதிவே ரத்து.

மணி மூன்றரை. லென்ஸைத் துடைத்தாள், தகட்டை மாற்றினாள், அல்லாவைக் கூப்பிட்டாள். புள்ளி அசையவில்லை. எரிச்சலில் அழுகையே வந்தது. வழிகாட்டி பிரேம்நாத்தைப் போனில் பிடித்தாள்.

"டார்க் ஃபிரேம் கழிச்சியாம்மா?"

"காலையிலயே எடுத்துக் கழிச்சிட்டேன் சார். தினமும் பண்றதுதானே."

"புதுசா ஒண்ணு எடு. பேஜார் பண்ணாதம்மா, மீட்டிங்ல இருக்கேன்."

ஒளியை மறித்துவிட்டு எடுக்கும் இருட்டுப் படம் அது. ஒளியே இல்லாமல் கேமரா தானாகக் காட்டும் பொய்ப் புள்ளிகள், அதன் சொந்தக் குப்பை, அதில் விழும். மற்ற படங்களிலிருந்து மென்பொருளே அதைக் கழித்துவிடும். குப்பையை யார் கிளறிப் பார்ப்பார்கள்? ஆறு வருடத்தில் அவளும் பார்த்ததில்லை.

இன்று பார்த்தாள்.

லேசரை மறித்ததும் வளையம் போனது. புள்ளி போகவில்லை. கேமராவுக்கு மூடி போட்டாள். அப்போதும் போகவில்லை. காலையில் எடுத்த இருட்டுப் படத்திலும் அது இருந்தது, கொஞ்சம் சிறியதாக. அதனால்தான் கழித்த பிறகும் மிச்சம் தெரிந்திருக்கிறது. போன மாதத்துப் படத்தில் இன்னும் சிறியது. போன வருடத்தில் கடுகளவு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை! ஆறு வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவள்தான் தினமும் கழித்துக் கழித்து மறைத்திருக்கிறாள்.

இன்றைய படத்தைப் பெரிதாக்கினாள்.

நெற்றி. கன்னம். திறந்த வாய்.

அது வளரவில்லை. கிட்டே வந்துகொண்டிருந்தது.

கேமராவின் வயரைப் பிடுங்கினாள். கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். வெளியே வேலூர் வெயில் கொளுத்தியது. கேன்டீன் பக்கம் யாரோ சிரித்தார்கள். பெஞ்சில் சரிந்து, அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

மூடிய இருட்டின் நடுவில் அந்த முகம். திரையில் பார்த்ததைவிடப் பெரியதாக.

திறந்தாள். வெயில். இமை தானாகச் சிமிட்டியது.

அதற்குள் முகம் இன்னும் ஓரடி கிட்டே.

ஐந்து மணிக்குப் பக்கத்து ஆய்வகத்து நவநீதன் வந்தான்.

"இன்னா ரஃபத், ரிப்போர்ட் அனுப்பிட்டியா?"

அவள் திரும்பினாள். இரண்டு கை விரல்களாலும் இமைகளை மேலே இழுத்துப் பிடித்திருந்தாள். கண் ரத்தமாகச் சிவந்து தண்ணீர் கொட்டியது.

"வந்து பிடிச்சுக்கோ நவநீதா. மூட விட்டுடாதே."

கண்ணீரில் விரல்கள் வழுக்கின.