செவப்பியின் ஒன்பதாவது குறை

பூவிழி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓடுவதற்கு முன்னாலேயே அதைப் போட்டோ எடுத்துப் பொன்னேரி விஜயராகவன் மாமாவுக்குக் காட்டிவிட்டாள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் அவர்கள் குப்பத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாராவது புதுப் படகு வாங்கினால், அது முதல் தடவை தண்ணீருக்குள் போய் மீனோடு திரும்பும்வரை யாரும் அதில் குறை சொல்லக் கூடாது. ‘மூக்கு கோணலா இருக்குதே’ என்று தொண்டைவரை வந்தாலும் விழுங்கிவிட வேண்டும். படகு திரும்பி வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லவும் சொல்வார்கள்.

ரிமோட் காருக்கும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும் என்று பூவிழிக்குத் தோன்றவில்லை. பாவம், பத்து வயசுதானே!

அது சாதாரண கார் இல்லை. நைனா தேவேந்திரனுக்குப் பூவிழியின் வயசு இருந்தபோது, கப்பலில் வேலை பார்த்த அவர் அண்ணன் கங்காதரன், அதாவது பூவிழியின் பெரியப்பா, ஒரு பெட்டி கொண்டுவந்தார். பெட்டிக்குள் கார் இல்லை. காராக ஆகப்போகும் துண்டுகள்தான் இருந்தன. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கி, ஒரு சிவப்பு வண்டியைச் செய்தார்கள். ‘செவப்பி’ என்று பேரும் வைத்தார்கள். கரையில் பல வருஷம் ஓடிய செவப்பி, சுனாமி வந்த அன்று வீட்டுச் சாமான்களோடு போய்விட்டது.

இப்போது அதே கம்பெனி அதே காரை மறுபடியும் வெளியிட்டிருந்தது. மஸ்கட்டில் இருக்கும் பெரியப்பா உடனே ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டார்.

“ஞாயித்துக்கிழம சாயங்காலம் வீடியோ கால்ல வர்றேன். ஓட்டிக் காட்டுடா தம்பி” என்று போனில் சொன்னபோது அவர் குரலே ஒரு பையனின் குரல்போல இருந்தது.

மூன்று சாயங்காலங்கள் நைனாவும் பூவிழியும் கூடத்தில் உட்கார்ந்து வண்டியைச் சேர்த்தார்கள். நைனா பாட்டு முணுமுணுத்தார். திருகாணி ஒன்று காணாமல் போய், அம்மா தேவகியின் அரிசி முறத்தில் கிடைத்தது. அப்படி ஒரு சந்தோஷத்தோடு நைனாவைப் பூவிழி பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலையில் அவள் நைனாவின் போனில் நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பழைய ரிமோட் கார்ப் பைத்தியங்கள் சேர்ந்த குழு அது. அதில் பெரிய தலை விஜயராகவன் மாமா. யாருக்கும் சொந்த மாமா இல்லை, ஆனால் எல்லோருக்கும் மாமா. பூதக்கண்ணாடி இல்லாமல் அவர் எந்தக் காரையும் பார்க்க மாட்டார்.

பத்தே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. மொத்தம் ஒன்பது குறைகள்!

பழையது மிளகாய்ச் சிவப்பு, இது தக்காளிச் சிவப்பாம். டிரைவர் பொம்மைக்கு அப்போது மீசை இருந்ததாம், இப்போது இல்லையாம். ஸ்டிக்கரில் இருக்கும் ஏழு கொஞ்சம் சாய்ந்திருக்கிறதாம். பழைய டயரில் வந்த ரப்பர் வாசனை இதில் வரவில்லையாம். இப்படியே போய்க் கடைசியில் ஒன்பதாவது குறை: ‘நானும் இதை வாங்கினேன். பழைய வண்டி எப்போதும் இடது பக்கம் இழுக்கும். இது நேராக ஓடுகிறது. ரொம்ப ஏமாற்றம்!’

பூவிழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அம்மா, நேரா ஓடறது ஒரு குறையாம்!”

அம்மா சிரிக்கவில்லை. “இன்னாடி இது? வண்டி இன்னும் தரையத் தொடல. அதுக்குள்ள ஊரக் கூட்டிக் குறை கேப்பியா?”

அதற்குள் நைனா போனை வாங்கிப் பார்த்துவிட்டார். ஒன்பதையும் படித்தார். பாட்டு நின்றுவிட்டது.

சாயங்காலம் கரையில் வண்டியை ஓட்டினார்கள். கெட்டியான ஈரமணல். இடது பக்கம் ஏரி. வலது பக்கம் அம்மா காயப்போட்டிருந்த கருவாடு. பூவிழி போனில் வீடியோ எடுத்தாள்.

வண்டி சர்ரென்று கிளம்பியது. பத்தடி போனதும் வலது பக்கம் திரும்பி நேரே கருவாட்டுக்குள் பாய்ந்தது.

“அய்யோ, என் வாளைக் கருவாடு!” என்று அம்மா கத்தினாள்.

மறுபடி ஓட்டினார். மறுபடியும் கருவாடு. மூன்றாவது தடவை அம்மா துடைப்பத்தோடு நின்றாள்.

நைனா வண்டியைத் தூக்கிக்கொண்டார். “விஜயராகவன் சொன்னது கரெக்ட்டுதான். இது செவப்பி இல்ல பாப்பா. பார்க்கத்தான் அவள மாதிரி இருக்கு.”

“அப்ப நாளைக்குப் பெரியப்பா கிட்ட இன்னா சொல்லுவ நைனா?”

“உள்ளதச் சொல்லிடறேன். எனக்குப் பொய் வராது.” மணலைத் துடைத்து, வண்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பூவிழி மூடிய பெட்டியையே பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஆசையாக அனுப்பியவரிடம் ‘இது செவப்பி இல்லை’ என்று சொன்னால் பெரியப்பா எப்படித் தாங்குவார்? எல்லாம் தன்னால் வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நைனா போனை வீட்டில் வைத்துவிட்டு வலையோடு ஏரிக்குப் போயிருந்தார். பூவிழி பெட்டியைத் திறந்து, வண்டியைக் கரைக்கு எடுத்துப்போய்த் தானே ஓட்டிப் பார்த்தாள்.

வண்டி நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது! கருவாட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“எனக்கு நேரா ஓடுது. நைனாவுக்கு ஏன் ஓடல?”

நேற்று எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். இரண்டாம் தடவை வண்டியைப் பார்க்காமல் நைனாவின் கையைப் பார்த்தாள். கிளம்பும்போதே அவருடைய கட்டைவிரல் ரிமோட் குச்சியை மெல்ல வலது பக்கம் தள்ளியது. மூன்று தடவையும் அதேதான். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பூவிழிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பழைய செவப்பி எப்போதும் இடது பக்கம் இழுக்கும். அதனால் நைனா எப்போதும் வலது பக்கம் பிடித்துப் பிடித்தே பழகியிருக்கிறார். செவப்பி போய் எத்தனையோ வருஷமாகியும் அந்த விரல் அவளை மறக்கவில்லை!

உடனே விஜயராகவன் மாமாவுக்குப் போன் போட்டாள். “மாமா, பழைய வண்டி ஏன் இடது பக்கம் இழுத்தது?”

“நல்ல கேள்வி!” மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “முன்சக்கரத்தத் திருப்பற கம்பி ரெண்டு இருக்கு பாரு, அதுல ஒண்ணு கொஞ்சம் குட்டையா இருக்கும். இப்ப ரெண்டையும் ஒரே அளவா பண்ணிட்டாங்க. ஏம்மா கேக்கற?”

“அந்தக் குறைய நான் திரும்ப வைக்கப் போறேன் மாமா.”

“என்னது, திரும்ப வைக்கப் போறியா?” என்றார் மாமா. அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

இடது கம்பியை எடுத்து மூன்று சுற்று முடுக்கிக் குட்டையாக்கினாள். வண்டி இடது பக்கம் வளைந்து ஏரிக்கே போகப் பார்த்தது. ஓடிப்போய்ப் பிடித்தாள். இரண்டு சுற்றைத் தளர்த்தினாள். இழுப்பு போதவில்லை. ஒரு சுற்று திரும்ப முடுக்கினாள். வண்டி மெல்ல, அடம் பிடிக்கிற குழந்தைபோல, இடது பக்கமாகவே போனது.

சாயங்காலம் நாலு மணி. போனில் பெரியப்பாவின் முகம் வந்தது. “இன்னாடா தம்பி, எங்க நம்ம வண்டி?”

நைனா தலையைச் சொறிந்தார். “அண்ணா, அது வந்து...”

“நைனா, ஒரே ஒரு தடவ!” பூவிழி ரிமோட்டை அவர் கையில் திணித்துவிட்டுப் போனை வாங்கித் தூக்கிப் பிடித்தாள். அம்மா முன்ஜாக்கிரதையாகக் கருவாட்டை வீட்டுக்குள் கொண்டுபோயிருந்தாள்.

வண்டி கிளம்பியது. நைனாவின் கட்டைவிரல் தானாக வலது பக்கம் தள்ளியது. வண்டி இடது பக்கம் இழுத்தது. இழுப்பும் தள்ளலும் சேர்ந்து, கரையின் கோடிவரை நேராக ஓடியது!

நைனா திடுக்கிட்டார். விரலைக் குச்சியிலிருந்து எடுத்துப் பார்த்தார். வண்டி உடனே ஏரிப் பக்கம் திரும்பியது.

“வலது புடிடா தம்பி! வலது! வலது!” என்று மஸ்கட்டிலிருந்து பெரியப்பா கத்தினார்.

“புடிக்கிறேண்ணா! புடிச்சுக்கினுதான் இருக்கேன்!” என்று நைனாவும் கத்தினார். அவர் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்க மறந்தே போனார். போனில் பெரியப்பாவும் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

“பாப்பா, இத யாரு பண்ணது?”

பூவிழி கிரீஸ் படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதுவே போதுமான பதிலாக இருந்தது. நைனா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

வண்டி கரை திரும்பிவிட்டதால், இனிமேல் குறை சொல்லத் தடை ஏதும் இல்லை. நைனா அன்றைக்கே குழுவில் எழுதினார்: ‘ஒன்பதாவது குறையை என் பெண் தீர்த்துவிட்டாள்.’

விஜயராகவன் மாமா உடனே கேட்டார்: ‘மீதி எட்டு?’

நைனா செவப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கறுப்புப் பேனாவை எடுத்துப் பூவிழியிடம் நீட்டினார்.

“மீசைய மட்டும் போட்டுடு. மத்ததெல்லாம் இருந்துட்டுப் போவட்டும்.”